வானத்தை மாற்றினால் வெளிச்சமும் மாற வேண்டும்: ஒளிப்படத்தில் வான மாற்றம் நடைபெறும் விதம்

நிலமும் கட்டடமும் மனிதர்களும் சரியாகப் பதிவாகியிருக்க, மேற்பகுதி மட்டும் வெள்ளைத்தாளைப் போல வெறுமையாகக் கிடப்பதைப் படம் எடுக்கும் அனைவரும் கண்டிருப்பர். அந்த வெறுமையை நீக்கிவிட்டு வேறொரு வானத்தை வைக்கும் வசதி இன்று கணினி மென்பொருள்களிலும் கைபேசிச் செயலிகளிலும் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. ஆயினும், அவ்வாறு மாற்றப்பட்ட படங்களில் பலவற்றைக் கண்டவுடன், விளிம்புகள் துல்லியமாக வெட்டப்பட்டிருந்தாலும்கூட, ஏதோ ஒட்டவில்லை என்பதைக் கண் உணர்ந்துவிடுகிறது; எது ஒட்டவில்லை என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

வானத்தை மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகக் கருதுவதே இந்தக் குழப்பத்தின் வேர். திறந்தவெளியில் எடுக்கப்படும் படத்தில் வானமே விளக்கு. தரையின் நிறம், நிழலின் கூர்மை, முகத்தின் ஒளி, நீரின் பளபளப்பு ஆகிய அனைத்தும் அந்த விளக்கிலிருந்தே வருகின்றன. எனவே வானத்தைப் பிரித்தெடுப்பது வேலையின் முதற்பாதி மட்டுமே. புதிய வானத்தின் வெளிச்சத்தில் பழைய தரை எப்படித் தோன்றியிருக்கும் என்று கணக்கிடுவது மறுபாதி. தானியங்கிக் கருவிகள் முதற்பாதியைப் பெருமளவு எளிதாக்கிவிட்டன. மறுபாதியில் இன்னும் மனிதக் கண்ணே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வானம் ஏன் வெளிறிப்போகிறது

கேமராவின் சென்சார் பதிவுசெய்யக்கூடிய மிகக் குறைந்த ஒளிக்கும் மிகக் கூடிய ஒளிக்கும் இடையிலான விகிதத்தை டைனமிக் ரேஞ்ச் என்பர். அதை ஸ்டாப் என்னும் அலகால் அளப்பது வழக்கம். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும். இன்றைய நல்ல சென்சார்கள் ஏறத்தாழ 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவுசெய்கின்றன. ஆனால் நிழலில் நிற்கும் ஒருவரின் முகத்துக்கு ஏற்ப, சென்சார் பெறும் ஒளியளவான எக்ஸ்போஷரை அமைக்கும்போது, அவருக்குப் பின்னாலுள்ள வானம் அந்த அளவின் உச்சியைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய பகுதி முழுவதும் ஒரே வெள்ளையாகப் பதிவாகிறது. இதையே கிளிப்பிங் என்கின்றனர்.

மேகம் மூடிய நாளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் தெளிந்த வானம் நீலமாகத் தெரிகிறது. மேகத்திலுள்ள நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் மேகம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தோன்றுகிறது. மேகப் படலம் தடித்துப் பரந்திருந்தால் அதில் வடிவமும் இராது, நிறமும் இராது. அத்தகைய வானத்தைக் கேமரா சரியாகவே பதிவுசெய்திருந்தாலும் படத்தில் அது வெறுமையாகத்தான் தெரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வானத்தில் விவரம் இருந்து, அது வெளுத்துப்போயிற்றா, அல்லது எடுத்த நேரத்தில் விவரமே இல்லையா? சென்சாரின் தகவலை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாகக் கேமரா பதிவுசெய்திருந்தால், பெரும்பாலும் 12 அல்லது 14 பிட் தகவல் கிடைக்கும். அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4,096 அல்லது 16,384 ஒளிப்படிகள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே. ஜேபெக்கில் வெள்ளையாகத் தெரியும் வானம், ராவைத் திறந்து, ஒளிமிக்க பகுதிகளைக் கட்டுப்படுத்தும் ஹைலைட்ஸ் அளவைக் குறைத்ததும் மேகங்களோடு மீண்டுவருவது உண்டு. அப்படி மீண்டுவந்தால் வேறு வானம் தேவையே இல்லை. தனக்குரிய வானத்தைவிட ஒரு படத்துக்குப் பொருத்தமான வானம் வேறு கிடையாது. ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் மூன்று நிறங்களும் முட்டி நின்றுவிட்டிருந்தால் மட்டுமே, அங்கே மீட்க எதுவும் இல்லை என்று முடிவுகட்டலாம்.

புதிதாகத் தோன்றிய சிக்கல் அன்று

1851இல் ஃப்ரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தட்டின் வேதிப்பூச்சு நீல ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் மட்டுமே கூர்மையாக எதிர்வினை புரிந்தது. நிலம் பதிவாகும் நேரத்துக்குள் நீல வானம் அளவுக்கு மீறி ஒளிபெற்று, அச்சில் வெள்ளையாகிவிடும். 1850களின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயங்களைச் சேர்த்துப் பூச்சைப் பிற நிறங்களுக்கும் உணர்வுடையதாக்கலாம் என்று கண்டறிந்த பின்னரே இந்த நெருக்கடி மெல்லத் தளர்ந்தது.

லெ கிரே இணைப்புக்குக் கடலைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. கடலின் அடிவானம் நேர்கோடு. அங்கே இலையும் கிளையும் கூந்தலும் இல்லை. இன்றும் வான மாற்றத்தில் எளிதான படம் அதுவே.

வானத்தைப் பிரித்தெடுத்தல்

பிரித்தெடுப்பது என்றால் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் வானத்துக்கு உரியதா, தரைக்கு உரியதா என்று தீர்மானிப்பது. அந்தத் தீர்மானம் மாஸ்க் எனப்படும் சாம்பல்நிறப் படமாகச் சேமிக்கப்படுகிறது. மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் புதிய வானம் தெரியும். கறுப்பு உள்ள இடத்தில் மறையும். இடைப்பட்ட சாம்பல் உள்ள இடத்தில் பகுதியளவு தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் படத்தாளான லேயரையே அழித்து வெட்டுவதற்குப் பதில் மாஸ்க்கைப் பயன்படுத்துவதன் நன்மை, பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே.

கட்டடத்தின் நேர்விளிம்பில் தீர்மானம் எளிது. தொல்லை தருபவை மெல்லிய இலைகளும் கூந்தலும் கம்பிகளும். அங்கே ஒரே பிக்சலுக்குள் கூந்தலும் வானமும் கலந்திருக்கும். ஒரு பிக்சலில் எத்தனை பங்கு முன்பொருள் என்பதை ஆல்ஃபா என்று குறிப்பர். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை, ஆல்ஃபாவைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கை வகுத்தது. இன்றைய லேயர் மென்பொருள்கள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

மாஸ்க் மிகச் சரியாக இருந்தும் முடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஏன் மிஞ்சுகிறது என்பது பலரைக் குழப்பும் கேள்வி. அதற்குக் கணக்கில் விடை உண்டு. கறுப்பு 0, முழுவெள்ளை 255 என்னும் அளவுகோலில் கூந்தலின் ஒளியளவு 30, வெளிறிய வானத்தின் அளவு 250 என்று கொள்வோம். ஒரு பிக்சலில் கூந்தலின் பங்கு 40 விழுக்காடு என்றால், கேமரா பதிவுசெய்யும் அளவு 12-உம் 150-உம் சேர்ந்து 162. இப்போது 90 அளவுள்ள கருமேக வானத்தைப் பின்னால் வைக்கிறோம். உண்மையில் அந்த இடத்தில் 12-உம் 54-உம் சேர்ந்து 66 வர வேண்டும். ஆனால் மென்பொருளுக்குக் கூந்தலின் தனி நிறம் தெரியாது. கலந்துபோன 162-ஐயே கூந்தலின் நிறமாக எடுத்துக்கொண்டு அதில் 40 விழுக்காட்டோடு புதிய வானத்தின் 54-ஐச் சேர்க்கும்போது ஏறத்தாழ 119 வருகிறது. 66 இருக்க வேண்டிய இடத்தில் 119 நிற்பதுதான் நாம் காணும் வெள்ளை ஓரம். பழைய வானம் விளிம்புப் பிக்சல்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது வெளியேறாது. விளிம்பின் நிறத்தைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் டிகன்டாமினேட் கலர்ஸ் என்னும் தெரிவு செய்வது இந்த வேலையைத்தான்.

இதைத் தவிர்க்க இன்னொரு வழி, பழைய வானத்தின் வெண்மையையே பயன்படுத்திக்கொள்வது. மல்டிப்ளை என்னும் கலப்பு முறை இரு லேயர்களின் அளவுகளைப் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. பழைய வானம் 255 என்னும் முழுவெள்ளையாக இருந்தால், விடை புதிய வானத்தின் அளவே. கரிய இலையின் அளவு 20 என்றால், 150 அளவுள்ள வானத்தோடு பெருக்கினாலும் விடை ஏறத்தாழ 12, கரியதாகவே நிற்கும். கலந்த பிக்சல்களும் இயல்பாகவே இடைப்பட்ட அளவைப் பெறுகின்றன. வெளுத்த வானத்தின் முன் நிற்கும் இலையடர்ந்த மரத்துக்கு இதைவிட நேர்த்தியான முறை இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. வானம் வெள்ளையாக இல்லாமல் 200 அளவில் சாம்பலாக இருந்தால் புதிய வானம் ஐந்தில் ஒரு பங்கு ஒளியை இழக்கும் என்பதால், கருமை, வெண்மை எல்லைகளை நகர்த்தும் லெவல்ஸ் கருவியைக் கொண்டு பழைய வானத்தை முதலில் வெள்ளைக்கு உயர்த்த வேண்டும்.

கட்டற்ற மென்பொருளான கிம்ப்பிலும், லேயரும் மாஸ்க்கும் உள்ள வேறெந்த மென்பொருளிலும் கையால் செய்யும் வரிசை இது:

1. மூலப் படத்தின் லேயரை நகலெடுத்து, மூலத்தைத் தொடாமல் அடியில் விட்டுவிடுக.

2. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறச் சேனல்கள் மூன்றையும் தனித்தனியே பார்க்கவும். பெரும்பாலும் நீலச் சேனலில்தான் வானம் மிகவும் வெளுத்தும் இலைகள் மிகவும் கறுத்தும் தெரியும். அந்தச் சேனலை நகலெடுத்து, லெவல்ஸ் கொண்டு வெள்ளையை மேலும் வெள்ளையாகவும் கறுப்பை மேலும் கறுப்பாகவும் தள்ளினால், மாஸ்க் பாதிக்குமேல் தயாராகிவிடும்.

3. தரையில் தவறுதலாக வெள்ளையாகிவிட்ட வெள்ளைச் சுவர், சட்டை, நீர்ப்பரப்பு போன்றவற்றைத் தூரிகையால் கறுப்பாக்குக.

4. விளிம்பு முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குவதைத் தவிர்க்கவும். லென்ஸின் கூர்மை எங்கே விழுந்ததோ அங்கே விளிம்பு கூராகவும், அது விலகிய இடத்தில் மென்மையாகவும் இருக்க வேண்டும்.

5. புதிய வானத்தை மேல் லேயராக வைத்து, இந்த மாஸ்க்கை அதற்கு இணைக்கவும்; இலைப்பகுதிக்கு மல்டிப்ளை, நேர்விளிம்புக்கு வழக்கமான கலப்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மரக்கிளைகளின் இடுக்குகளில் தெரியும் சிறுசிறு வானத் துண்டுகளை மறந்துவிடுவது மிகப் பரவலான பிழை. மேலே செவ்வானம் படர்ந்திருக்க, கிளைகளுக்கு நடுவே பழைய வெள்ளைப் புள்ளிகள் மின்னும். படத்தை 100 விழுக்காட்டு அளவில் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தால் மட்டுமே அவை அகப்படும்.

தானியங்கிக் கருவி செய்வதும் செய்யாததும்

2019 நவம்பரில் வெளியான லூமினார் 4 என்னும் படத்திருத்த மென்பொருள், வானத்தைத் தானாகக் கண்டறிந்து மாற்றும் வசதியோடு வந்தது. அடுத்த ஆண்டு, 2020 அக்டோபரில், ஃபோட்டோஷாப்பின் எடிட் பட்டியலில் ஸ்கை ரீப்ளேஸ்மென்ட் இடம்பெற்றது. இவற்றின் அடிப்படை ஒன்றே: வானம் எது என்று குறிக்கப்பட்ட ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட நரம்பியல் வலையமைப்பு, புதிய படத்தின் ஒவ்வொரு பிக்சலும் வானமாக இருக்கும் வாய்ப்பைக் கணித்து மாஸ்க்கை வரைந்துதருகிறது.

ஃபோட்டோஷாப்பின் கருவியில் ஷிஃப்ட் எட்ஜ் வானத்துக்கும் தரைக்கும் இடையிலான எல்லையை நகர்த்துகிறது. ஃபேட் எட்ஜ் அந்த எல்லையை மென்மையாக்குகிறது. வானத்தின் ஒளி, நிறவெப்பம், அளவு ஆகியவற்றைத் தனியே கூட்டிக் குறைக்கலாம்; இடவலமாகத் திருப்பவும் செய்யலாம். லைட்டிங் அட்ஜஸ்ட்மென்ட், கலர் அட்ஜஸ்ட்மென்ட் என்னும் இரண்டும் தரையின் ஒளியையும் நிறத்தையும் புதிய வானத்தை நோக்கி இழுக்கின்றன. முடிவைப் புதிய லேயர்களாகப் பெறும் தெரிவையே எடுக்க வேண்டும். அப்போது வானம், அதன் மாஸ்க், தரையின் நிறத் திருத்தம் ஆகியவை தனித்தனி லேயர்களாகக் கிடைக்கும். கருவி தவறிய இடத்தில் கை திருத்தலாம்.

அது தவறும் இடங்களும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவைதாம். ஒளி ஊடுருவும் கண்ணாடி, வலைவேலி, பறவையின் விரிந்த சிறகோரம், மூடுபனியில் கரையும் மலைமுகடு, புகை ஆகியவற்றில் வானம் எங்கே முடிகிறது என்று மனிதராலேயே ஒரு கோடு வரைந்து காட்ட இயலாது. தரையின் நிறத்தை இழுக்கும் பணியையும் கருவி ஏறக்குறைய சீராகவே செய்கிறது. ஒரு சுவரின் எந்தப் பக்கம் சூரியனை நோக்கியிருக்கிறது என்பதற்கேற்ப ஒரு பக்கத்தை ஒளிரவிட்டு மறுபக்கத்தை இருளவிட அதற்குத் தெரியாது. இங்கிருந்துதான் மறுபாதி தொடங்குகிறது.

ஒளியின் கணக்கு

பார்வையாளர் காரணம் சொல்லத் தெரியாமலே பொய்யென்று உணரும் படங்களில், கீழ்க்கண்டவற்றில் ஒன்றோ பலவோ தவறியிருக்கும்.

1. திசை. நிழல்கள் சூரியனுக்கு எதிர்ப்புறமாக விழும். தரையில் நிழல் இடப்பக்கம் நீண்டு கிடந்தால், புதிய வானத்தின் ஒளிமிக்க பகுதி வலப்பக்கம் இருக்க வேண்டும். பெரும்பாலான நேரங்களில் வானத்தை இடவலமாகத் திருப்பினாலே இது சரியாகிவிடும் என்பதால், இதைத் தவறவிடுவதற்குச் சாக்கு இல்லை. சூரியனே சட்டகத்துக்குள் தெரியும் வானம் இன்னும் கடுமையான நிபந்தனையை விதிக்கிறது: கேமராவை நோக்கி நிற்பவரின் முகம் நிழலில் இருக்க வேண்டும்; கூந்தலிலும் தோளிலும் ஒளிக்கோடு விழ வேண்டும். சீராக ஒளிபெற்ற முகத்துக்குப் பின்னால் மறையும் சூரியனை வைப்பது, ஒரே படத்தில் இரண்டு விளக்குகளை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

2. கூர்மை. சூரிய வட்டம் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலமே. அத்தனை சிறிய விளக்கிலிருந்து வருவதால் வெயிலின் நிழல் கூராக வெட்டப்பட்டிருக்கும். மேகம் மூடிய நாளில் வானக் கவிகை முழுவதும் விளக்காகிவிடுவதால் நிழலுக்கு எல்லையே இராது. நிழலில்லாத தரைக்கு மேல் மேகமற்ற நீல வானத்தை வைத்தால், நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் அது ஒட்டாது. இல்லாத நிழலை நிறத்திருத்தத்தால் வரவழைக்க முடியாது. வான மாற்றத்தில் மிகுதியாகக் காணப்படும் பொய் இதுவே.

3. நிறம். மேகம் மூடிய வானத்தின் ஒளி ஏறத்தாழ 6,500 முதல் 7,500 கெல்வின் வரையிலான, நீலம் சார்ந்த குளிர்ந்த நிறவெப்பம் உடையது. அடிவானத்தை நெருங்கும் சூரியனின் நேரொளி 3,000 கெல்வினுக்கும் கீழே இறங்கிச் செம்மையாகக்கூடும். அந்திவானத்தை வைத்தால் ஒளியை நோக்கிய பரப்புகள் மட்டும் செம்மஞ்சளாக வேண்டும். நிழற்பகுதிகள் மேலேயுள்ள வானத்தின் நீலத்தையே பெறும். படம் முழுவதையும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் தோய்த்தெடுப்பது இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

4. ஒளிச்சரிவு. தெளிந்த வானம் அடிவானத்தருகே வெளிறியும் மேலே செல்லச்செல்ல ஆழ்ந்த நீலமாகவும் இருக்கும். முழுவதும் மேகம் மூடிய வானம் இதற்கு நேர்மாறானது. பாரி மூனும் டோமினா ஸ்பென்சரும் 1942இல் வகுத்து, பின்னர் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் தரமாக ஏற்ற வாய்பாட்டின்படி, அத்தகைய வானத்தின் உச்சி அடிவானத்தைவிட மூன்று மடங்கு ஒளி மிக்கது. ஒரு வானத்தை வெட்டி வேறு உயரத்தில் ஒட்டும்போது இந்தச் சரிவு இடம்மாறி நிற்கும். தலைக்கு மேலிருந்த ஆழ்நீலம் அடிவானத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

5. பார்வைக் கோணம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 74 பாகையைக் காட்டுகிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 10 பாகையை மட்டுமே காட்டுகிறது. அகன்ற லென்ஸில் எடுத்த வானத்தில் மேகங்கள் மேலே பெரிதாகவும் அடிவானத்தை நோக்கிச் சிறுத்து நெருங்கியும் செல்லும். அதைத் தொலைவு லென்ஸில் எடுத்த மலைக்குப் பின்னால் வைத்தால் மலை பொம்மையாகிவிடும். நிலவைச் சேர்ப்போரும் இதைக் கவனிப்பதில்லை: 50 மில்லிமீட்டர் லென்ஸில் முழுநிலவு சட்டகத்தின் அகலத்தில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு மட்டுமே. பிறைநிலவின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையை நோக்கியே இருக்கும் என்பதும் மீற முடியாத விதி.

6. காற்றின் மங்கல். தொலைவிலுள்ள பொருள்களின் கருமை, இடையிலுள்ள காற்று சிதறடிக்கும் ஒளியால் வெளிறுகிறது. அந்த வெளிறல் அடிவானத்தருகே உள்ள வானத்தின் நிறத்தையே பெறுகிறது. பழைய படத்தில் தொலைமலை சாம்பல் பூத்திருக்க, அதற்குப் பின்னால் பளிச்சென்ற வானம் நின்றால் இரண்டுக்கும் இடையே ஒரு வெட்டு தெரியும். மலையடுக்கின் மீது புதிய வானத்தின் அடிப்பகுதி நிறத்தை மிக மெல்லிதாகப் பூசினால் அந்த வெட்டு மறையும்.

வானவில்லும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. முதன்மை வானவில், சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 42 பாகை ஆரத்தில் தோன்றுகிறது. எனவே வானவில் உள்ள வானத்தை வைத்தால், சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். தரையிலுள்ள நிழல்கள் பார்வையாளரிடமிருந்து விலகி வானவில்லின் பக்கமாக நீள வேண்டும்.

நீர் உள்ள படம்

ஏரியோ ஈரச் சாலையோ படத்தில் இருந்தால் வேலை இரு மடங்காகிறது. ஏனெனில் பழைய வானம் அங்கே இரண்டாவது முறையாகப் பதிவாகியிருக்கிறது. மேலே செம்மேகங்கள், கீழே நீரில் வெண்மை என்னும் முரண் தேர்ச்சியற்ற கண்ணுக்கும் உடனே தெரியும். பெரும்பாலானோர் புதிய வானத்தைத் தலைகீழாகத் திருப்பி, கரையோரத்தில் பொருத்தி, ஒளிபுகுமளவைக் குறைத்துவிட்டு நிறுத்திவிடுகின்றனர். இதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது பிழை, மடிப்புக்கோட்டின் இடம். கரையில் நிற்கும் மரம் தன் அடிமரம் நீரைத் தொடும் இடத்தில் மடிந்து பிரதிபலிக்கும். மேகமோ மிகத் தொலைவில் இருப்பதால், அது மடியும் கோடு அடிவானம்தான்; கரையன்று. கேமரா மட்டமாக வைக்கப்பட்டிருந்தால், அடிவானத்துக்கு 20 பாகை மேலே உள்ள மேகம், அடிவானத்துக்கு 20 பாகை கீழே உள்ள நீரில் தெரியும். கரையும் அடிவானமும் படத்தில் ஒரே இடத்தில் இல்லாதபோது, கரையோரத்தில் மடித்த மேகங்கள் தவறான உயரத்தில் நிற்கும்.

இரண்டாவது பிழை, வலிமை. நீரைச் செங்குத்தாகப் பார்க்கும்போது அது விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை மட்டுமே பிரதிபலிக்கிறது. பார்வை சாயச்சாய அந்த விகிதம் கூடிக்கொண்டே போய், பரப்பைத் தொட்டுச் செல்லும் கோணத்தில் ஏறக்குறைய முழுமையை எட்டுகிறது. ஆகவே தொலைவு நீர் வானத்தை வலிமையாகக் காட்டும். காலடி நீர் தன் அடியிலுள்ள கருமையையோ கற்களையோ காட்டும். பிரதிபலிப்பு லேயருக்கு மேலிருந்து கீழாக மங்கும் ஒரு மாஸ்க் இடுவதே இதற்குத் தீர்வு. நீரில் அலை இருந்தால் ஒவ்வோர் அலைச்சரிவும் வானத்தின் வேறுவேறு பகுதியைக் காட்டும் என்பதால் மேகத்தின் வடிவம் கரைந்து, நிறம் மட்டும் நெடுக்காக இழுபட்டு மிஞ்சும். அப்போது மேகங்களைத் திருப்பி ஒட்டாமல், வானத்தின் நிறங்களை மட்டும் நீருக்கு ஏற்றுவதே போதுமானது.

சாளரக் கண்ணாடி, வாகனத்தின் மேற்பரப்பு, குளிர்க்கண்ணாடி, அண்மையில் எடுத்த முகமாயின் கண்மணி ஆகியவற்றிலும் பழைய வானம் ஒளிந்திருக்கும்.

எந்த வானத்தைத் தேர்வது

மேற்கண்ட நிபந்தனைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், மந்தமான நாளில் எடுத்த படத்துக்கு மிகப் பொருத்தமானது நீல வானமும் அன்று, செவ்வானமும் அன்று. சூரியன் மறைந்திருக்க, மேகத்தின் மடிப்புகளும் ஒளிவேறுபாடும் தெரியும் இன்னொரு மேகமூட்ட வானமே அதற்கு உறவு. தரையின் மென்மையான ஒளி அதன் கீழே இயல்பாக அமர்ந்துகொள்ளும். நிறத்திருத்தமும் சிறிதளவே வேண்டியிருக்கும். மென்பொருளோடு வரும் தயார்நிலை வானங்களில் கண்ணைப் பறிப்பவையே மிகுதி என்பதும், ஒரே வானம் உலகெங்கும் எண்ணற்றோரின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதும் இன்னொரு எச்சரிக்கை. வானத்தைத் தானே எடுத்துச் சேர்த்துவைப்பவர், ஒவ்வொன்றிலும் லென்ஸின் அளவையும் சூரியன் இருந்த பக்கத்தையும் எடுத்த நேரத்தையும் குறித்துவைத்தால், பின்னாளில் பொருத்துவது எளிது.

தேர்ந்த வானத்தின் நுண்மணிகளும் தரையோடு ஒத்திருக்க வேண்டும். அதிக ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்) எடுத்த தரையில் நாய்ஸ் என்னும் புள்ளிமணிகள் தெரிய, வானம் மட்டும் மெழுகிப் பூசினாற்போல வழுவழுப்பாக நின்றால், ஒட்டுவேலை வெளிப்பட்டுவிடும். வானத்துக்குச் சிறிது நாய்ஸ் சேர்க்க வேண்டும். முன்னால் நிற்பவர் மீது மட்டும் ஃபோகஸ் அமைத்து எடுத்த படத்தில், வானத்தையும் அதற்கேற்ப மங்கலாக்க வேண்டும்.

மாற்றக் கூடாத இடங்கள்

அலங்காரப் படத்திலும் விளம்பரத்திலும் வானத்தை மாற்றுவது ஓவியர் வண்ணம் தேர்வதைப் போன்ற உரிமை. செய்திப் படம் வேறு. அங்கே வானம் ஒரு சான்று: எடுத்த நேரம், வானிலை, புகையின் அளவு, நிழலின் நீளம் ஆகியவை அதிலிருந்து படிக்கப்படுகின்றன. ஒரு படம் சொல்லப்படும் நாளில், சொல்லப்படும் நேரத்தில் எடுக்கப்பட்டதா என்று சரிபார்ப்போர் சூரியனின் திசையையும் மேகமூட்டத்தையும் பதிவான வானிலையோடு ஒப்பிடுகின்றனர். வானத்தை மாற்றியவர், தாம் அழகுபடுத்தியதாக மட்டும் எண்ணிக்கொண்டு, அந்தச் சான்றை அழித்துவிடுகிறார்.

2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின் மீது எழுந்த புகையைக் காட்டிய ஒரு படத்தில், மென்பொருளால் புகை நகலெடுத்துக் கூட்டப்பட்டிருந்தது தெரியவந்ததும், ராய்ட்டர்ஸ் நிறுவனம் அப்படத்தைத் திரும்பப் பெற்று, அதை எடுத்த ஒப்பந்த ஒளிப்படக்காரருடனான தொடர்பையும் முறித்துக்கொண்டது. அவருடைய பிற படங்களும் விற்பனைத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. கூட்டப்பட்டது புதிய பொருளன்று, ஏற்கெனவே வானத்தில் இருந்த புகையே. ஆயினும் அந்த அளவு மாறினால் செய்தியே மாறுகிறது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியும் படத்தில் எதையும் சேர்ப்பதையோ நீக்குவதையோ ஏற்பதில்லை. ஒளியளவையும் நிறத்தையும் அளவோடு திருத்துவது வேறு, உள்ளடக்கத்தை மாற்றுவது வேறு என்னும் கோட்டை இத்தகைய விதிகள் வரைகின்றன. வான மாற்றம் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

வீடு, நிலம், விடுதி போன்றவற்றை விற்பதற்காகவோ வாடகைக்கு விடுவதற்காகவோ எடுக்கும் படங்களில் நிலைமை இடைப்பட்டது. மேகமூட்டத்துக்குப் பதில் நீல வானம் வைப்பது அந்த இடத்தின் இயல்பை மாற்றுவதில்லை என்று வாதிடலாம். ஆனால் வானத்தோடு சேர்த்து அருகிலுள்ள மின்கம்பிகளும் கோபுரங்களும் மாஸ்க்கில் அடிபட்டு மறைந்துவிட்டால், வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒன்று மறைக்கப்பட்டதாகிறது. மெல்லிய கம்பிகளைத் தானியங்கிக் கருவி விழுங்கிவிடுவது அடிக்கடி நிகழக்கூடியது என்பதால், இவ்வகைப் படங்களில் மாஸ்க்கைக் கண்ணால் சரிபார்ப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலையாகாது.

மாற்றத்தை மறைக்காமல் பதிவுசெய்யும் தொழில்நுட்பமும் வளர்ந்துவருகிறது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்டவை 2021இல் கூடித் தொடங்கிய சி2பிஏ என்னும் கூட்டமைப்பு, ஒரு படம் எங்கே தோன்றியது, எந்தக் கருவியால் என்ன திருத்தம் செய்யப்பட்டது என்பதைக் கோப்போடு கையொப்பமிட்டு இணைக்கும் தரத்தை வகுத்திருக்கிறது. கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் என்ற பெயரில் ஃபோட்டோஷாப்பில் அது கிடைக்கிறது. அந்தத் தகவல் சில தளங்களில் ஏற்றும்போது நீங்கிவிடக்கூடும் என்பதால், படத்தின் கீழே வானம் மாற்றப்பட்டது என்று ஒரு வரி எழுதுவதற்கு அது ஈடாகாது. மூல ரா கோப்பையும், லேயர்கள் குலையாத திருத்தக் கோப்பையும், வானம் எடுக்கப்பட்ட தனிப் படத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்திருப்பவரால், கேட்கப்படும் நாளில் எது மாறியது, எது மாறவில்லை என்பதை எடுத்துக்காட்ட முடியும்.